பூங்கா, நடைபாதை, கடைவீதி: பொதுவெளிகளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ஆவது எப்படி?

ஆர்க்கிடெக்ட் என்றால் வீட்டு பிளான் போடுபவர் என்றுதான் நம் ஊரில் பலருக்கும் தெரியும். நடைபாதை, பேருந்து நிலைய முகப்பு, குளக்கரை, கடைவீதி, வார்டு பூங்கா, கோயிலைச் சுற்றிய வீதிகள் ஆகியவற்றை வடிவமைப்பதும் அதே படிப்பிலிருந்து கிளைக்கும் தொழில்தான். வீட்டுக்கு ஒரே உரிமையாளர். தெருவில் மாநகராட்சி, மின்வாரியம், குடிநீர் வாரியம், போக்குவரத்துக் காவல்துறை, கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், வார்டு கவுன்சிலர் என்று எல்லோருக்கும் ஒரு சொல் உண்டு. அழகாக வரைபவர்கள் நிறையப் பேர் இந்தத் துறைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது, கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்ற இரண்டையும் விசாரிக்கப் பொறுமை இருப்பவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

பள்ளி முடித்ததும்

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்புக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில் நடத்தும் நாட்டா நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். என்.ஐ.டி.கள், எஸ்.பி.ஏ. எனப்படும் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. மெயினின் 2ஏ தாள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண் 200, நுழைவுத்தேர்வு மதிப்பெண் 200 என்று மொத்தம் 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். ஆகவே ஓவியப் பயிற்சியை மட்டும் நம்பிப் பள்ளித் தேர்வைக் கோட்டை விடக் கூடாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அது கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பிறகு பதிவு எண் கிடைக்காது.

அந்தப் பதிவு எண் ஏன் முக்கியம்? 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதாவது ஒரு சிவில் இன்ஜினியரும் பூங்கா வடிவமைக்கலாம். ஆனால் அரசு டெண்டர்களில் குழுத் தலைவருக்குப் பதிவு எண் கேட்பது வழக்கம். படித்து முடித்த உடனேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

கல்லூரியில் ஐந்து ஆண்டு

பாடத்திட்டத்தில் பெரும்பகுதி கட்டடங்கள்தான். தெருவும் சதுக்கமும் பிந்தைய ஆண்டுகளில் ஸ்டூடியோ எனப்படும் வடிவமைப்புப் பயிற்சி வகுப்புகள் ஒன்றிரண்டில் வந்துபோகும். அதனால் நீங்களாகச் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கலாம்.

உங்கள் ஊர்க் கடைவீதியில் 100 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் டேப், நோட்டு, கூட ஒரு நண்பர் போதும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு குறுக்குவெட்டு அளவெடுங்கள்: கடைச் சுவரிலிருந்து எதிர்க்கடைச் சுவர் வரை. இடையில் வரும் படிக்கட்டு, வடிகால் மூடி, மரம், மின்கம்பம், பில்லர் பாக்ஸ் எனப்படும் தெருவோர மின்பெட்டி, விளம்பரப் பலகை, பைக் வரிசை எல்லாமே அளவோடு பதிவாக வேண்டும். 1:50 அளவில் பத்து வெட்டுப்படங்களையும் அடுக்கி வரைந்தால், 2 மீட்டர் அகலம் என்று காகிதத்தில் இருக்கும் நடைபாதையில் உண்மையில் நடக்கக் கிடைப்பது 60 சென்டிமீட்டரோ 70 சென்டிமீட்டரோதான் என்பது தெரியவரும். இந்தத் துறையில் பிளானைவிட வெட்டுப்படம்தான் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது ஆட்களை எண்ணுவது. ஒரு கோட்டைக் கற்பனையாக வைத்துக்கொண்டு, 15 நிமிடத்தில் அதைக் கடக்கும் நடையர்களை எண்ணி நான்கால் பெருக்கினால் மணிக்கணக்கு கிடைக்கும். காலை, உச்சிவெயில், மாலை என மூன்று வேளையும், வேலைநாள் ஒன்றிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எண்ண வேண்டும். நடப்பவர்களை மட்டும் எண்ணினால் பாதிதான். நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், பூக்கட்டுபவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் புள்ளிகள் எல்லாம் நிழல் இருக்கும் பக்கம் ஒதுங்கியிருக்கும். பெஞ்சு எங்கே போட வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

மென்பொருள்களில் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலைக்குக் கூடுதலாக க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற நிலவரைபட மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம், வார்டு எல்லை முதல் நீர்வழித்தடம் வரை அதில்தான் அடுக்க வேண்டியிருக்கும். கணினியில் தத்ரூபமான படம் உருவாக்கும் ரெண்டரிங் திறமையை இளைஞர்கள் மிகையாக மதிக்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. எக்செலில் ஒழுங்காக ஒரு எஸ்டிமேட் போடத் தெரிந்த புதிய ஆர்க்கிடெக்டுக்கு அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

பயிற்சிப் பருவத்தைத் தெருவோ பூங்காவோ உண்மையில் கட்டப்படும் நிலையில் இருக்கும் அலுவலகத்தில் செலவிடுங்கள். பெயர் பெற்ற அலுவலகத்தில் போட்டிக்கான படங்களை வெட்டி ஒட்டுவதைவிட, சிறிய இடத்தில் சைட்டுக்குப் போய் கெர்ப் எனப்படும் நடைபாதை ஓரக்கல்லின் மட்டம் பார்ப்பது மேல்.

மேற்படிப்பு தேவையா?

கட்டாயம் இல்லை. ஆனால் பி.ஆர்க் மட்டும் முடித்தவர்கள் நகர அளவிலான வேலைக்குள் நுழைய நாளாகும். மூன்று பாதைகள் உள்ளன. நகர வடிவமைப்பு படித்தால் தெரு, சந்தை, நிலையச் சுற்றுப்புறம். நிலத்தோற்றக் கலை எனப்படும் லேண்ட்ஸ்கேப் படித்தால் பூங்கா, நீர்நிலை, மரங்கள். நகரத் திட்டமிடல் படித்தால் கொள்கை, மாஸ்டர் பிளான், அரசுப் பணி. டெல்லி எஸ்.பி.ஏ.யும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் இவற்றுக்குப் பெயர் போனவை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் லேண்ட்ஸ்கேப்பும் திட்டமிடலும் உண்டு. இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து படிக்கலாம்.

வேலை கொடுப்பவர்கள் யார்? தனியார் ஆலோசனை நிறுவனங்கள், நகரப் போக்குவரத்துத் துறையில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், மெட்ரோ ரயில் நிறுவனங்கள், மாநகராட்சிகளின் திட்டப் பிரிவுகள், பெரிய கட்டுமான நிறுவனங்கள். வேலைக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோ 20 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேலே சொன்ன தெரு வெட்டுப்படங்கள், 1:10 அளவில் ஒரு கெர்ப் அல்லது மரக்குழி விவரப்படம், கையால் வரைந்த ஒன்று, இவை இருந்தால் போதும். குழுவாகச் செய்ததைக் குழுவாகச் செய்தது என்றே எழுதுங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான்.

ஒரு தெருவை வடிவமைப்பது: வேலை உண்மையில் எப்படி நடக்கிறது

முதலில், தூரத்தையும் உயரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் சர்வே. மட்டங்கள் தெளிவாக வர வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசல்படியின் மட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். சர்வேயர்கள் இதை விட்டுவிடுவார்கள். பிறகு நடைபாதை வாசல்படியைவிட உயர்ந்துபோய், முதல் மழையில் தண்ணீர் கடைக்குள் நுழையும். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போவதும் இதே சிக்கல்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்பதை எஸ்டிமேட்டிலேயே தனி இனமாக எழுதிவிடுங்கள்.

அடுத்து பூமிக்கடி. குடிநீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின்கேபிள், ஃபைபர் கேபிள் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துறை ஒரு வரைபடம் தரும். எதுவும் முழுச் சரியாக இருக்காது. 50 மீட்டருக்கு ஒன்று, சந்திப்புகளில் கூடுதலாக ஒன்று எனச் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். 1 மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழம். கையால்தான் தோண்ட வேண்டும், ஜே.சி.பி. விட்டால் கேபிள் அறுந்து பகுதிக்கே கரண்ட் போகும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் திட்டங்களில்தான், மரம் நட வேண்டிய இடத்தில் குழாய் வந்து, வரைந்ததில் பாதி மரம் காணாமல் போகிறது. நடைபாதைக்கு அடியில் கேபிள் நுழைக்கக் காலிக் குழாய்களும் (டக்டுகள்) 25, 30 மீட்டருக்குத் திறந்து பார்க்க ஒரு தொட்டியும் (சேம்பர்) விட்டுவைத்தால், நாளை கேபிள்காரர் புதுக் கல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை.

இப்போது குறுக்குவெட்டு. நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். கடையோரம் சாமான் பார்க்க நிற்பவர்களுக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். நடுவில் தடையே இல்லாத நடைப்பட்டை. சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதல்படி இது குறைந்தது 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும், தலைக்கு மேல் 2.2 மீட்டர் எதுவும் தொங்கக் கூடாது. சாலையோரம் மரம், விளக்கு, பெஞ்சு, பில்லர் பாக்ஸ், கடைவண்டி எல்லாம் நிற்கும் பொருள்பட்டை. இந்த மூன்றாவது பட்டைக்கு இடம் ஒதுக்காமல் 1.8 மீட்டர் மட்டும் போட்டால், மின்கம்பமும் மரமும் நடுவில் வந்து நின்றுகொள்ளும்.

கெர்ப் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பைக் ஏறக் கூடாது என்று ஒரு அடிக்கு உயர்த்திவிடுவார்கள். மூட்டுவலிக்காரர்கள் ஏற முடியாமல் சாலையில் நடப்பார்கள். பைக்கோ அடுத்த கேட் சரிவில் ஏறிவிடும்.

கேட் சரிவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நடைபாதைகள் தோற்பது அங்கேதான். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை முழுதாக இறக்கி மறுபடி ஏற்றுவது பழைய பழக்கம். 100 மீட்டரில் எட்டு கேட் இருந்தால் நடப்பவர் எட்டு முறை ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் இரண்டாவது கேட்டிலேயே சாலைக்கு இறங்கிவிடுவார். செய்ய வேண்டியது எதிர்மாறானது: நடைப்பட்டை ஒரே மட்டத்தில் நேராகப் போகட்டும், கார் ஏறுவதற்கான சரிவு சாலையோரப் பொருள்பட்டைக்குள் மட்டுமே முடியட்டும். கார் ஏறும் இடத்தில் பேவர் பிளாக் 80 மில்லிமீட்டர், மற்ற இடத்தில் 60. இந்த ஒரு விவரத்தை சைட்டில் மேஸ்திரிக்கு நேரில் காட்டாவிட்டால் பழக்கதோஷத்தில் பழைய மாதிரியேதான் கட்டுவார்கள். தெருச் சந்திப்பில் சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் 1:12 சரிவில் இறக்கம் கொடுக்க வேண்டும்.

வண்டி ஏறாமல் தடுக்க நடும் குட்டைக் கம்பங்களான பொல்லார்டுகள் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. இடைவெளி 900 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சக்கர நாற்காலி நுழையாது. 900 விட்டால் பைக்கும் நுழையும். அளவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. அருகிலேயே பைக் நிறுத்த, வண்டிக்கு 1 மீட்டருக்கு 2 மீட்டர் என்று ஒழுங்காக இடம் கொடுத்து, முதல் சில மாதங்கள் போலீஸ் கண்காணிப்பும் கேட்டு வாங்க வேண்டும்.

பார்வையற்றோருக்கான தொடுதரை ஓடுகள் 300 மில்லிமீட்டர் சதுரம். நீளக் கோடு போட்டது வழிகாட்ட, புள்ளி போட்டது எச்சரிக்க. இருபுறமும் 600 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். மஞ்சள் ஓடு நேராகப் போய் மின்பெட்டியில் முட்டி நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஓடே போடாமல் விட்டிருந்தாலும் அவ்வளவு ஆபத்து இல்லை.

கல் தேர்வில் பளபளப்பைத் தேடாதீர்கள். பாலிஷ் கிரானைட்டும் கடப்பாவும் மழையில் வழுக்கும். தீயால் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு கிரானைட் வேண்டும். பேவர் பிளாக் என்றால் அடித்தளம் நன்றாக இறுக்கப்பட்டு, மேலே மணல்படுக்கை 25 முதல் 40 மில்லிமீட்டருக்குள் சீராக இருக்க வேண்டும். அடித்தளத்தின் மேடுபள்ளத்தை மணலை அள்ளிப் போட்டுச் சமன் செய்வது கான்ட்ராக்டர்களின் குறுக்குவழி. முதல் மழைக்காலத்தில் அங்கெல்லாம் குழி விழும். குறுக்குச் சரிவு 1:50 போதும். வடிகால் கிரில்லின் துளைகள் 12 மில்லிமீட்டருக்குள், நடக்கும் திசைக்குக் குறுக்காக.

மரத்துக்குக் குழி 1.2 மீட்டர் சதுரம், அதே ஆழம். இரண்டரை மீட்டருக்குக் குறையாத உயரமுள்ள கன்று. 6 முதல் 8 மீட்டர் இடைவெளி. இருக்கும் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் கூடாது என்று 2013இல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கு ஒன்றில் உத்தரவிட்டது. அதை எல்லாத் திட்டத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் என்று நம் மண்ணில் ஊன்றி நிற்பவற்றை நடுங்கள். விளக்குக் கம்பத்தை மரக்கிளைக்குள் வைக்காதீர்கள். 4 மீட்டர் கம்பம் என்றால் சுமார் 12 மீட்டருக்கு ஒன்று, மரங்களுக்கு நடுவே.

கடற்கரையில் இன்னும் கவனம் வேண்டும். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. டிசம்பர் 9 இரவு கரையேறிய மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி சேதமடைந்தது, பிறகு சீரமைத்தார்கள். பாதையின் தேவையில் ஐயமே இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அலை எவ்வளவு தூரம் ஏறும், கடைசிப் பகுதியைக் கழற்றி எடுக்கும்படி செய்யலாமா என்ற கேள்விகளை முதல் படத்திலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

கோயில் வீதிகளுக்குத் தனிக் கணக்கு. மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வருகிறது. அப்படிப்பட்ட வீதியில் நிலையான பொல்லார்டு, நடுத்திட்டு, மேடாக்கிய நடைகடப்பு எதுவும் ஆகாது. பொல்லார்டு கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், மேன்ஹோல் மூடி கனரக வகையாக இருக்க வேண்டும், குறுக்கே போகும் ஒயர்கள் பூமிக்கடியில் போக வேண்டும். தேர் திரும்பும் முனையில் வடம் பிடிப்பவர்கள் எவ்வளவு தூரம் நீண்டு நிற்பார்கள் என்பதைத் திருவிழாவின்போது நேரில் போய் அளக்காமல் அந்த முனையை வரையக் கூடாது.

வியாபாரிகள்

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. குழுவிடம் கணக்கெடுப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வடிவமைப்புக்கு முன்பே அவர்களோடு உட்காருங்கள். ஒரு வண்டிக்குச் சுமார் 1.2க்கு 1.8 மீட்டர், வாங்குபவர் நிற்க மேலும் ஒரு மீட்டர். இந்த இடத்தைப் படத்தில் காட்டாவிட்டாலும் வண்டி வரத்தான் போகிறது. நடைப்பட்டையின் நடுவில் வந்து நிற்கும். சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கிருந்த வியாபாரிகள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தனி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். எல்லா ஊருக்கும் அப்படி ஒரு கட்டடம் கிடைக்காது, கிடைத்தாலும் மாடியேறி வாழைப்பழம் வாங்குபவர்கள் குறைவு.

மக்கள் கருத்துக் கூட்டத்தை மண்டபத்தில் வைத்தால் சங்கத் தலைவர்கள் மட்டுமே வருவார்கள். மாலை ஆறு மணிக்குத் தெருவிலேயே ஒரு மேஜை போட்டு, வெட்டுப்படத்தைப் பெரிதாக ஒட்டி வையுங்கள். பெண்கள் முதலில் கேட்பது கழிப்பறையும் விளக்கும். தன் கடை அருகே கழிப்பறை வேண்டாம் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள் என்பதால் அதன் இடத்தை ஆரம்பத்திலேயே முடிவுசெய்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

டெண்டர், கட்டணம், பில்

மாநகராட்சி வேலை பெரும்பாலும் இரட்டை உறை டெண்டரில் வரும்: ஒன்றில் தகுதி, மற்றதில் விலை. முன் அனுபவமும் ஆண்டு வரவுசெலவும் கேட்பதால் புதிய நிறுவனம் தனியாக நுழைய முடியாது. பெரிய பொறியியல் நிறுவனத்தோடு துணை ஆலோசகராகச் சேருவதுதான் நடைமுறை வழி. உங்கள் பெயரும் பணியின் எல்லையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கட்டணம் கட்டம் கட்டமாக வரும்: கருத்துரு, விரிவான திட்ட அறிக்கை, டெண்டர் ஆவணம், கட்டுமான மேற்பார்வை. கடைசியைக் கட்டணமின்றிச் செய்யச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதத்துக்கு இத்தனை சைட் வருகை, கூடுதல் வருகைக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். ஜி.எஸ்.டி. பொருந்தினால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். டி.டி.எஸ். எனப்படும் 10 சதவீத வருமான வரிப் பிடித்தம் போகத்தான் பணம் கைக்கு வரும். பில் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பதால், ஆறு மாதச் சம்பளத்துக்கு வழியில்லாமல் அரசு வேலையை மட்டும் நம்பி அலுவலகம் தொடங்க வேண்டாம்.

அளவுப் பட்டியலில் 'கிரானைட் பதித்தல்' என்று மொட்டையாக எழுதினால் கிடைப்பதில் மலிவானது வரும். கனம், பரப்பு, இணைப்பு அகலம், கீழ்ப்படுக்கை எல்லாம் எழுதி, முதலில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் மாதிரிப் பரப்பு கட்டிக் காட்ட வேண்டும் என்பதையும் ஒரு இனமாகச் சேருங்கள். மாதிரியில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உதவிப் பொறியாளர் முன்னிலையில் பார்த்து, புகைப்படம் எடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகே மீதி வேலை தொடங்கட்டும்.

ஒப்படைத்த பிறகு

பழுதுகளைக் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய குறைநீக்கப் பொறுப்புக் காலம் முடியும் வரை கான்ட்ராக்டரின் வைப்புத்தொகை மாநகராட்சியிடம் இருக்கும். அந்தக் காலத்துக்குள் வரும் முதல் வடகிழக்குப் பருவமழையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே போங்கள். தேங்கிய இடங்களைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் குறியுங்கள். ஆடும் பேவர் பிளாக், அடைபட்ட கிரில், பட்ட மரக்கன்று, எரியாத விளக்கு ஆகியவற்றை எண்ணுங்கள். பட்டியலைத் தேதியோடு செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஏற்புச் சீல் வைத்த நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையை விடுவிக்கும் கோப்பு நகரும்போது அந்த நகல் தேவைப்படும்.